தொப்பி கேட்கிறது: அப்பாவின் ஹை-ஃபை செட்டைச் சரிசெய்த பதினான்கு மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு, கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனியாவர்த்தனப் பதிவு ஒன்றைப் போட்டேன். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை எங்கள் வீட்டில் எப்போதும் ஒழுங்காகத்தான் கேட்டது. கனத்த சத்தம் தருகிற இடது பக்கம், தொப்பி, அதுதான் பிரச்சினை. ஏழெட்டு வருடமாக அது எந்த அடி விழுந்தாலும் 'பொத்' என்று ஒரே சத்தம், கூடவே ஒரு 'கிர்ர்'. அன்றைக்கு ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. கையை அழுத்தி இழுக்கிற கும்கி கூடக் கேட்டது. எழுந்து போய் மகளை எழுப்பிக் காட்டலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இதற்குப் பதினான்கு மாதமும் பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாயும் ஆனது. அதில் பாதிக்கு மேல் தண்டம். தண்டத்தைத்தான் விவரமாக எழுதப் போகிறேன்.

செட் அப்பாவுடையது. 1994-ல் மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கியது. பக்கத்துக்கு 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கனத்த சத்தத்துக்கு 8 இன்ச் வூஃபரும் மெல்லிய சத்தத்துக்கு 1 இன்ச் ட்வீட்டரும் கொண்ட ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு டியூனர். கேசட் டெக் எப்போதோ பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டது. டியூனர் இன்னும் ஓடுகிறது. கோடை பண்பலை 100.5-ல் கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து வருவதால் எங்கள் பழங்காநத்தத்தில் ஒரு சாதாரண ஒயரைத் தொங்கவிட்டாலே சுத்தமாக எடுக்கும்.

'கிர்ர்' எங்கிருந்து வருகிறது என்று நான் பார்க்கவே இல்லை. முப்பது வருட ஆம்ப், அதுதான் செத்துக்கொண்டிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதல் தப்பு அது. ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்ற ஒரு நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் சென்னைக்குப் போனேன்.

ஒரு கல்யாணத்துக்காக வைகை எக்ஸ்பிரஸ் ஏறியவன், மறுநாள் ஒரு ஹை-ஃபை கடையின் கேட்கும் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். தடிமனான கம்பளம், சுவரெல்லாம் துணி போர்த்திய பலகை, கதவைச் சாத்தினால் காது அடைத்துக்கொண்டது போல ஓர் அமைதி. கடைக்காரர் மரியாதையான ஆள். ஒரு பெண் குரலும் கிதாரும் உள்ள வெளிநாட்டுப் பதிவைப் போட்டார். பிரமாதமாக இருந்தது. அதே பதிவை அடுத்த ஆம்பில் போட்டார், அதுவும் பிரமாதம். அதற்கடுத்தது இன்னும் பிரமாதம். இப்போது யோசித்தால் புரிகிறது: குரலும் கிதாரும் மட்டும் இருக்கிற பதிவு எந்த நல்ல செட்டிலும் நன்றாகத்தான் கேட்கும். என் பென்டிரைவில் நாதஸ்வரமும் தவிலும் இருந்தது, கேட்டிருந்தால் போட்டிருப்பார். அந்த அறையில் தவிலைப் போடச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு ஆம்பிலும் வால்யூம் எங்கே நின்றது என்றும் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன், ஆனால் மனதில் வாங்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி எந்தச் சுவரையும் ஒட்டி இல்லை. அறையின் நடுப்பக்கமாக, பின்னால் ஆள் நடமாடும் அளவுக்கு இடம் விட்டுப் போட்டிருந்தார்கள். இது பிறகு வரும்.

புதிதாக வாங்கக் காசில்லை. மதுரை திரும்பி இரண்டு மாதம் தேடி, 18,500 ரூபாய்க்குப் பழைய ஜப்பான் ஆம்ப் ஒன்று வாங்கினேன். நல்ல கனம், முன்பக்கம் அலுமினியம். ஒரு வாரம் வீட்டில் ஒரே கொண்டாட்டம். பாட்டில் இதுவரை கேட்காததெல்லாம் கேட்கிறது என்று வருகிறவரிடமெல்லாம் சொன்னேன். 'கிர்ர்' அப்படியேதான் இருந்தது. அது பதிவின் குறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாப் பதிவிலும் அதே குறை.

அதே சூட்டோடு, சென்னையில் சுவரில் பார்த்ததை வீட்டில் முட்டை அட்டையில் செய்தேன். அட்டை 3 ரூபாய் வீதம் 60. ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். கைதட்டினால் வந்த எதிரொலி கொஞ்சம் குறைந்தது, பாடுகிறவர் குரல் மங்கியது, பேஸ், அதாவது கனத்த கீழ்ச்சத்தம், இம்மியும் மாறவில்லை. மூன்றாம் வாரம் அட்டைக்குப் பின்னால் பல்லிகள் குடியேறின. என் மனைவி விளக்குமாற்றை எடுத்து வைத்துவிட்டு, "ஏங்க, பாட்டுக் கேக்கப் போறீங்களா, பல்லி வளக்கப் போறீங்களா?" என்றாள். கிழித்துப் போட்டேன். சுண்ணாம்பும் கூடவே பெயர்ந்து வந்தது.

திருப்பம் செல்லூரிலிருந்து வந்தது. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதம் ரேடியோ செட் போடுகிற செல்லூர் அண்ணன் ஒருவர் உண்டு. நாற்பது வருடமாகக் குழாய் ஸ்பீக்கரோடு வாழ்கிறவர். குழாயில் பேஸ் என்பதே வராது, ஆனால் அவர் காது வேறு ரகம். மைக்கில் யாராவது பேச ஆரம்பித்தால் எந்தக் குழாயில் டயாஃப்ரம் போயிருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்வார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவருக்குப் புது ஆம்பைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டார்.

"தம்பி, ஆம்பு நல்லாத்தான் இருக்கு. ஸ்பீக்கரு கிழிஞ்சிருக்கே, பாக்கலையா?"

துணியைக் கழற்றினார். கோனை (ஆடிச் சத்தம் எழுப்புகிற காகிதக் கூம்பு) சுற்றியிருந்த ஃபோம் வளையத்தை விரலால் தொட்டார். புட்டு மாதிரி உதிர்ந்தது. வலது பக்கம் பாதிச் சுற்றுக்கு வளையமே இல்லை, கோன் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. 'கிர்ர்' அதுதான். இந்த வகை ஃபோம் காற்றின் ஈரத்தில் தானாகவே பொடிந்துபோகும். பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் பதினைந்து, இருபது வருடம்தான் அதன் ஆயுள். என்னுடையதற்கு முப்பது வருடம் ஆகியிருந்தது.

சரி, வளையம் மாற்றுவோம் என்று இறங்கினேன்.

முதல் ஜோடி வளையம் 480 ரூபாய். "8 இன்ச்" என்று கேட்டேன், 8 இன்ச் என்று அனுப்பினார்கள். வந்ததும் வைத்துப் பார்த்தால், என் கோனின் விட்டம் 146 மி.மீ., வளையத்தின் ஓட்டை 152 மி.மீ. கோன் அதற்குள் விழுந்து போகிறது. 8 இன்ச் என்பது ஃபிரேமின் பெயர் மாதிரி, அளவு இல்லை. உள்ளே கோன் எந்த அளவில் வேண்டுமானாலும் இருக்கலாம். எடுக்க வேண்டிய அளவு மூன்று: கோன் விளிம்பின் விட்டம், ஃபிரேமில் வளையம் உட்காரும் இடத்தின் வெளி விட்டம், ஒட்டுகிற விளிம்பு தட்டையா சாய்வா என்பது. எனக்கு 146, 196, சாய்வு. இரண்டாவது ஜோடி ஓட்டை 138, வெளி விட்டம் 196. சுற்றிலும் 4 மி.மீ. ஒட்ட இடம் கிடைத்தது. 650 ரூபாய்.

பழைய ஃபோமைச் சுரண்டுவதுதான் மெதுவான வேலை. ஃபிரேமில் இருந்ததை பிளேடால் எடுக்கலாம், உலோகம்தானே. கோன் காகிதம். அங்கே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காதுகுடையும் பஞ்சில் தொட்டு, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, விரல் நகத்தால் உருட்டி எடுத்தேன். ஒரு கோனுக்கு இரண்டரை மணி நேரம். அவசரப்பட்டு ஓர் இடத்தில் காகிதத்தின் மேல் தோல் உரிந்துவிட்டது. வெள்ளைப் பசையை நீர்விட்டுத் தடவிச் சரிக்கட்டினேன்.

அடுத்த தப்பு பசையில். செருப்புத் தைக்கிறவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசை ஒரு டப்பா வீட்டில் இருந்தது. இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, ஒட்டினேன். அந்தப் பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், பிறகு நகர்த்த முடியாது. கோனின் கீழே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்), காந்தத்தின் குறுகிய இடுக்குக்குள் எந்தப் பக்கமும் உரசாமல் நிற்க வேண்டும். நான் கண்ணளவில் நடுவில் வைத்து ஒட்டினேன். இடதுபக்க ஸ்பீக்கர் அதிர்ஷ்டத்தில் தப்பியது. வலதை விரலால் அழுத்தினால் 'சரக் சரக்' என்று உரசியது. பிரித்தால் ஃபோம் கிழிந்தது. வளையம் ஜோடியாகத்தான் கிடைக்கும், மறுபடியும் 650.

இரண்டாம் முறை முறையாகச் செய்தேன். கோன் நடுவில் குமிழ் மாதிரி இருக்கும் மூடியைப் புது பிளேடால் சுற்றிலும் அறுத்து எடுத்தேன். உள்ளே காயிலும் நடு இரும்பும் தெரிந்தது. இரண்டுக்கும் இடையில் செருக மெல்லிய, வழுக்குகிற பட்டை வேண்டும். மாமியாரின் பழைய முழங்கால் எக்ஸ்ரே ஒன்று பீரோவில் இருந்தது. கிட்டத்தட்ட 0.2 மி.மீ. தடிமன். 8 மி.மீ. அகலத்தில் நான்கு துண்டு வெட்டி, நான்கு திசையிலும் செருகினேன். காயில் இனி ஆட முடியாது. வளையத்தை முதலில் கோனில் ஒட்டி ஓர் இரவு காயவிட்டேன். மறுநாள் ஃபிரேமில். இந்த முறை சாதாரண வெள்ளை ஃபெவிகால். காகிதத்துக்கும் ஃபோமுக்கும் அது போதும், காய நேரம் எடுப்பதால் பத்து நிமிடமாவது நகர்த்திச் சரிசெய்யலாம். சுற்றிலும் பன்னிரண்டு துணி க்ளிப் போட்டு 24 மணி நேரம் விட்டேன். பிறகு எக்ஸ்ரே துண்டுகளை உருவிவிட்டு, 30 ஹெர்ட்ஸ் சத்தத்தை மெதுவாகக் கொடுத்துக் காதை வைத்தேன். கோன் அரை இன்ச் ஆடுகிறது, சத்தமே இல்லை. மூடியைத் திரும்ப ஒட்டினேன். அறுத்த தழும்பு தெரியும். துணி மாட்டினால் தெரியாது.

ஸ்பீக்கர் திறந்திருக்கும்போதே உள்ளே ட்வீட்டருக்குப் போகும் 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் மாற்றினேன். பழையது எலக்ட்ரோலிட்டிக், புதியது ஃபிலிம். இரண்டுக்கும் சேர்த்து 120 ரூபாய். கேட்டு வித்தியாசம் சொல் என்றால் சொல்ல மாட்டேன்.

ஒயரையும் மாற்றினேன். தனியாக 'ஸ்பீக்கர் கேபிள்' எதுவும் வாங்கவில்லை. வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 12 மீட்டர், 480 ரூபாய். கடையில் அன்றைக்குச் சிவப்பு மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டு மீட்டரும் சிவப்பு. மாட்டிக் கேட்டால் பேஸ் முன்பைவிடக் குறைந்திருக்கிறது! பாடகர் நடுவில் நிற்காமல் இரண்டு சுவரிலும் கரைந்து நிற்கிறார். வளையத்தைத்தான் திரும்பக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து வயிற்றைக் கலக்கியது. பிறகு ஆம்ப் பக்கம் ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை அந்த முனைகளில் தொட்டுப் பார்த்தேன். பிளஸ்ஸில் பிளஸ் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இடது வெளியே வந்தது, வலது உள்ளே போனது. ஒயர் மாறியிருக்கிறது. மாற்றி மாட்டி, ஒரு துண்டு கறுப்பு டேப் சுற்றினேன்.

இப்போது இரண்டு ஸ்பீக்கரும் சரி. அப்பாவின் ஆம்பை என்ன செய்வது? பாட்டு இல்லாதபோது அதில் மெல்லிய 'ஹம்' இருந்தது. திறந்தால் பவர் சப்ளையின் இரண்டு பெரிய கெப்பாசிட்டரும் (4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட்) தலை புடைத்து உட்கார்ந்திருந்தன. மின்சாரம் இல்லாதபோதும் அவற்றில் சார்ஜ் இருக்கும் என்று தெரியும். ஆனாலும் அதை இறக்க, சோம்பலில் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்தேன். 'டப்' என்று ஒரு பொறி, ஸ்க்ரூடிரைவர் நுனியில் பள்ளம். அதற்கப்புறம் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை வைத்து இறக்கினேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். புதியது அதே 4700, ஆனால் 63 வோல்ட், ஒன்று 150 ரூபாய். சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களுக்கு 180. வால்யூமைத் திருப்பும்போது வந்த கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே 350. முதல் தடவை பவர் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், ஆம்ப் தப்பிக்கும். ஒரு நொடி பளிச்சிட்டு மங்கியது. ஸ்பீக்கர் மாட்டும் முன் வெளிவரும் டிசி அளந்தேன்: இடது 14 மில்லிவோல்ட், வலது 22. ஐம்பதுக்குள் இருந்தால் கவலை இல்லை.

அடுத்த வாரம் அண்ணன் வந்தார். இரண்டு ஆம்பையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஜப்பான் ஆம்ப் நெஞ்சில் அடிப்பது போல இருந்தது, அப்பாவுடையது கொஞ்சம் சோகை. "பாத்தீங்களாண்ணே" என்றேன். அவர் மல்டிமீட்டரைக் கேட்டார்.

100 ஹெர்ட்ஸ் சத்தத்தைக் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் பார்த்தார். (மலிவான மீட்டர் 1000 ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டலாம், அதனால் 100.) இரண்டு ஆம்பிலும் குமிழைப் பத்து மணி நிலையில்தான் வைத்திருந்தேன். அப்பாவுடையது 2.00 வோல்ட். ஜப்பான் 3.2 வோல்ட். அதாவது 4 டெசிபல் கூடுதல். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைச் சத்தம் என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். நான் ஒரு மாதமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த தெளிவு அதுதான்.

ஜப்பானைக் குறைத்து 2.01-க்குக் கொண்டுவந்தோம். எனக்கு முன்னால் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, அண்ணன் பின்னால் நின்று ஒயரை மாற்றினார். சில தடவை மாற்றாமலே மாற்றியது போலச் சத்தம் செய்தார். பன்னிரண்டு தடவை. ஏழு சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டியிருந்தாலும் ஆறு வந்திருக்கும். அண்ணன் சிரிக்கவில்லை. "ரெண்டும் நல்ல ஆம்புதான் தம்பி, ஒண்ணு போதும்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஜப்பானை 16,000-க்கு விற்றேன்.

இத்தனைக்குப் பிறகும் தொப்பி 'பொத்'. உரசல் போய்விட்டது, ஆனால் எல்லா அடியும் ஒரே சுருதியில் வீங்கிக் கேட்டது. மிச்சம் இருந்தது அறைதான். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம், மொசைக் தரை, கான்கிரீட் கூரை. போனில் சத்தம் உண்டாக்கும் செயலியை வைத்து 30-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக ஏற்றினேன். 48-ல் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. 58-ல் மறுபடி ஒரு வீக்கம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மோதி மோதி வீங்குகிற சத்தம் இது, 12 அடி அறைக்கு 48 கணக்காக வருகிறது. ஒலி ஒரு விநாடியில் செல்லும் தூரத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். மதுரை வெயிலுக்கு விநாடிக்கு 352 மீட்டர் என்று போட்டுக்கொள்ளலாம். 10 அடிக்கு 58. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் அந்த 58 இரண்டு பக்கமிருந்தும் வந்து கூடுகிறது.

48-ஐ ஓடவிட்டு அறையில் நடந்து பார்த்தேன். பின் சுவரை ஒட்டினால் வயிறே அதிர்கிறது. இரண்டடி முன்னால் வந்தால் குறைகிறது. நடு அறையில் கிட்டத்தட்ட காணோம். எங்கள் சோபா முப்பது வருடமாகப் பின் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. அப்போதுதான் சென்னைக் கடையின் நாற்காலி ஞாபகம் வந்தது.

சோபாவைத் தொடவில்லை, வீட்டில் சண்டை வேண்டாம். ஒரு பிரம்பு நாற்காலியைப் பின் சுவரிலிருந்து நாலரை அடி முன்னால், அகலத்துக்குச் சரி நடுவில் போட்டேன். பீரோவோரம் ஒன்றும் டிவி மேசையில் ஒன்றுமாக இருந்த ஸ்பீக்கர்களை இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் ஒரே தூரத்தில், அவற்றின் பின்னாலிருக்கும் சுவரிலிருந்து இரண்டடி வெளியே இழுத்து வைத்தேன். போனின் மைக் பேஸை ஒழுங்காக அளக்காது, ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். 48 ஹெர்ட்ஸ் 8 டெசிபல் இறங்கியிருந்தது. செலவு பூஜ்யம்.

கடைசியாக மெத்தை. பரணில் இரண்டு பழைய இலவம் பஞ்சு மெத்தை கிடந்தது, தாத்தா காலத்தில் போடியிலிருந்து பஞ்சு வாங்கித் தைத்தது. மெத்தை தைப்பவரைக் கூப்பிட்டுப் பிரித்து, அடித்து, ஒன்றரை அடி விட்டத்தில் ஐந்தடி உயர உருளையாக இரண்டு தைக்கச் சொன்னேன். "இது எதுக்குங்க, சாஞ்சுக்கவா?" என்று கேட்டார். 1,900 ரூபாய். ஸ்பீக்கருக்குப் பின்னால் இரு மூலையிலும் நிறுத்தினேன். 48-க்கு அது ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. 100-க்கு மேலே நன்றாகத் தெளிந்தது. கைதட்டினால் வந்த 'ட்ரிங்' போய், தம்புராவின் ஜீவன் பின்னால் தனியாக நிற்க ஆரம்பித்தது. ஃபேன் ஐந்தில் ஓடினால் அது கேட்காது, அதனால்தான் காலை ஐந்தரை.

கணக்கு: உருப்படியாய்ச் செலவானது 4,260. சென்னைச் செலவு 2,100, ஆம்பில் நஷ்டம் 2,500, தப்பு வளையம் 480, கிழித்த வளையம் 650, முட்டை அட்டை 180, ஆக 5,910 தண்டம்.

மறுபடி செய்தால் முதல் நாளே நாற்காலியை நகர்த்திப் பார்ப்பேன், பிறகு ஸ்பீக்கர் துணியைக் கழற்றுவேன், அதன் பிறகுதான் கடைப் பக்கம் போவேன். போனால் என் தவில் பதிவோடு, சட்டைப் பையில் மல்டிமீட்டரோடு. இடது ஸ்பீக்கரிலும் எக்ஸ்ரே துண்டு போட்டு ஒட்டியிருக்க வேண்டும். அதிகச் சத்தத்தில் அது இப்போதும் லேசாக 'டிக்' என்கிறது.

58 இன்னும் பாக்கி. நடுவில் உட்கார்ந்தால் அகலத்திலிருந்து வருவது அடங்கிவிடுகிறது, கூரைக்கும் தரைக்கும் இடையில் வருவது அடங்கவில்லை. மூன்றாவது மெத்தையைக் கூரையில் கட்டலாமா என்று வீட்டில் கேட்டேன். பதில் வரவில்லை, பார்வை மட்டும் வந்தது.

152 மி.மீ. ஓட்டை உள்ள அந்த முதல் ஜோடி வளையம் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. கோன் விட்டம் 160 உள்ளவர்கள் யாராவது கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன். அளந்துவிட்டுக் கேட்கவும்.